பிரேக் சரி

மே மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலை டிரைவர் மதலைமுத்து எஞ்சினில் ஏறியபோதே பிரேக்குக்கான காற்றழுத்த முள் ஐந்தில்தான் நின்றது. ஏழில் நிற்க வேண்டிய முள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கீழே எங்கோ குழாய் இணைப்பில் 'ஸ்ஸ்' என்று காற்று கசிந்துகொண்டே இருந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார். பிறகு ரிஜிஸ்டரை எடுத்துப் பன்னிரண்டு கட்டங்களிலும் டிக் போட்டார். விளக்கு சரி. ஹாரன் சரி. பிரேக் சரி. கீழே கையெழுத்து.

அந்த ரசாயன ஆலை கட்டப்பட்ட காலத்தில் அது டெல்லிக்கு வெளியே இருந்ததாம். இப்போது மூன்று பக்கமும் நாலு மாடி வீடுகள், நாலாவது பக்கம் சாக்கடைக் கால்வாய். ஆலைக்குக் காஸ்டிக் திரவமும் அமிலமும் டாங்கர் வேகன்களில் ரயிலில் வரும். ரயில்வேக்காரர்கள் மேட்டில் உள்ள சைடிங் என்ற கிளைத் தண்டவாளத்தில் வேகன்களை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர் சரிவில் அவற்றை ஆலைக்குள் இறக்கிக் கொண்டுவர ஒரு டீசல் எஞ்சின். ரயில்வே கழித்துக் கட்டி ஏலத்தில் விட்டதைக் கம்பெனி வாங்கிப் போட்டிருந்தது. ஆறு சக்கரம், மதலைமுத்துவைவிட நாலு வயது மூப்பு. ஃபிட்டர்கள் அதைப் 'புடியா' என்பார்கள். கிழவி என்று அர்த்தம். வைகிறார்களா கொஞ்சுகிறார்களா என்பது அன்றைக்கு அது கிளம்பியதா இல்லையா என்பதைப் பொறுத்தது.

காற்று கசிவது ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. மதலைமுத்து இரண்டு முறை ரிஜிஸ்டரில் எழுதினார். இரண்டாம் முறை எழுதிய அன்று யார்டு மேனேஜர் ஜோதிலிங்கம் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். கோயம்புத்தூர்க்காரர், யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர்.

"உக்காருங்க மதலை. நீங்க எழுதறது நியாயந்தானுங்க. ஆனா எழுதிப் போட்டா ஆடிட்காரன் வண்டியை நிறுத்திப் போடுவான். வண்டி நின்னா ரெண்டே நாள்ல பிளாண்ட்டும் நிக்கும். ஏற்கெனவே சுத்தியிருக்கற குடியிருப்புக்காரங்க எப்படா மூடுவாங்கன்னு காத்துட்டிருக்காங்க. பார்ட்ஸ் சொல்லிருக்குதுங்க, வந்துரும். அதுவரைக்கும் எங்கிட்ட வாயில சொல்லுங்க, எழுத வேண்டாம்."

"பிரேக்குங்க சார்."

"பதினெட்டு வருஷமா ஓட்டறீங்க. உங்க கைக்குத் தெரியாதுங்களா?"

அந்த வார்த்தை மதலைமுத்துவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பிற்பாடு நினைத்து நினைத்து அவர் வெட்கப்பட்டது அதைத்தான். பயமுறுத்தி அவரைப் பணிய வைக்கவில்லை. தட்டிக் கொடுத்தார்கள், பணிந்துவிட்டார். மறுநாளிலிருந்து டிக் போட ஆரம்பித்தார். பிரேக்கைச் சீக்கிரமே பிடிப்பது, சரிவில் நடை வேகத்துக்கும் கீழே இறங்குவது, நடுவில் நின்று காற்று ஏற விடுவது என்று கைக்குத் தெரிந்த வித்தைகளையெல்லாம் வைத்து வண்டி ஓடியது. ஒரு நாள், பத்து நாள், நாற்பது நாள்.

இதையெல்லாம் அவர் பச்சைமுத்துவிடம் சொல்லவில்லை.

பச்சைமுத்து ஷன்ட்மேன். வேகன்களைக் கோர்ப்பது, கழற்றுவது, முன்னால் நடந்துபோய்க் கொடி காட்டுவது, நின்ற வண்டி நகராமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது எல்லாம் அவர் வேலை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். கால்வாய் ஓரத்தில் தமிழர்கள் இருக்கும் குடிசைப் பகுதியான பஸ்தியில் குடும்பத்தோடு இருந்தார். கான்ட்ராக்ட் ஆள். ஒன்பது வருஷமாக இருவரும் ஜோடி. எஞ்சினிலிருந்து வேகன்களின் முன்முனை தெரியாது. பச்சைமுத்துவின் கையும் கொடியும்தான் மதலைமுத்துவுக்குக் கண். மத்தியானம் மதலைமுத்துவின் மனைவி பிலோமி கட்டிக் கொடுத்த மீன்குழம்பில் பாதி பச்சைமுத்துவுக்குப் போகும். பச்சைமுத்துவின் மனைவி அம்சவேணி செய்த கேழ்வரகுக் களி இந்தப் பக்கம் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு வேகன், நாலிலும் நிறையக் காஸ்டிக். மதலைமுத்து மேட்டுப் பக்கத்திலிருந்து எஞ்சினால் பிடித்துப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார். சரிவின் பாதியில் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சந்து போகிறது. சங்கிலி கட்டி மறித்திருப்பார்கள். ஆனால் காவலாளி அசந்தால் ஜனங்கள் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அன்று பேட்டரியில் ஓடும் ஒரு ஈ-ரிக்ஷா தண்டவாள இடுக்கில் சக்கரம் மாட்டி நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை.

பச்சைமுத்துவின் சிவப்புக் கொடி உயர்ந்ததை மதலைமுத்து பார்த்தார். பிரேக்கைப் பிடித்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது, நிற்கவில்லை. முள் மூன்றுக்கு இறங்கிவிட்டிருந்தது. இன்னொரு முறை பிடித்தார். கைப்பிடியில் உயிரே இல்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே மற்றக் கையால் கைபிரேக் சக்கரத்தைச் சுற்றினார். சுற்றிச் சுற்றித் தோள் கழன்றது. நாலு வேகனும் சேர்ந்து எஞ்சினை இழுத்துக்கொண்டு போயின.

பச்சைமுத்து ஒதுங்கிக்கொண்டிருக்கலாம். ஒதுங்கத்தான் வேண்டும் என்று விதியே இருக்கிறது. அவர் ஓரத்தில் கிடந்த இரண்டு கட்டைகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். முதல் கட்டையைத் தண்டவாளத்தில் வைத்தார். சக்கரம் அதைத் தெறித்து எறிந்தது. இன்னும் பத்தடி ஓடி இரண்டாவதை வைத்து, அது நழுவாமல் காலால் அழுத்திப் பிடித்தார். சக்கரம் கட்டையில் ஏறியது, வழுக்கியது, மறுபடி ஏறியது. கைபிரேக்கும் அப்போதுதான் கவ்வியது. வண்டி நின்றபோது ரிக்ஷாவுக்கும் முதல் வேகனுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கும் அளவுதான் இடம் இருந்தது.

மதலைமுத்து குதித்து ஓடினார். பச்சைமுத்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணே, குழந்தைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் தன் இடது காலைப் பார்த்தார்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் அன்று மாலையே கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை ஜோதிலிங்கம் ஒரு வாக்குமூலத் தாளை நீட்டினார். இந்தியில் டைப் செய்திருந்தது. மதலைமுத்துவுக்கு இந்தி பேச்சில் தண்ணீர் பட்ட பாடு. எழுத்துதான் தடவித் தடவி வரும்.

"வண்டி நல்லா இருந்துச்சு, பிரேக் போட்டீங்க. ஷன்ட்மேன் சிக்னல் காட்டுனது லேட்டு. அவ்வளவுதானுங்க இதுல இருக்கறது."

"அவன் லேட்டா காட்டலியே சார்."

ஜோதிலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் முகத்திலும் இரண்டு நாளாகத் தூக்கமில்லை. "மதலை, நானும் மூணு தடவை மேலே கேட்டேன். வாயிலதான் கேட்டேன், உங்களாட்டவே. எங்கிட்டயும் எழுத்துல ஒண்ணும் இல்லீங்க. எழுத்துல இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். உங்க டிக்கு. நாப்பது நாளா பிரேக் சரி, பிரேக் சரின்னு உங்க கையெழுத்து. பிரேக் சரியில்லைன்னு இப்பச் சொன்னீங்கன்னா மொதல்ல உள்ள போறது யாருன்னு யோசிங்க. பச்சைமுத்துவை நான் பாத்துக்கறேன். வேற வேலை போட்டுக் குடுக்கலாமுங்க."

பேனா மேஜைமேல் இருந்தது. மதலைமுத்து கையெழுத்துப் போட்டார். நாற்பதோடு நாற்பத்தொன்று.

சனிக்கிழமை சாயங்காலம் டெல்லி துவாரகாவில் மதலைமுத்து குடியிருந்த வீட்டில், துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளின் நகலைப் பெனிட்டா எடுத்தாள். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த மகள். டெல்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் திணறுவாள். இந்தி அவளுக்குக் கண்ணை மூடினாலும் வரும். நின்றபடியே முழுவதையும் படித்தாள்.

"அப்பா, என்னப்பா இது? பச்சை அங்கிளோட லாப்பர்வாஹின்னு எழுதியிருக்கு."

"அப்படின்னா?"

"கேர்லெஸ்ஸா இருந்தார்னு. தன்னோட லாப்பர்வாஹியாலதான் அவருக்கு அடிபட்டுச்சாம். அவர்மேல ஆக்‌ஷன் எடுக்கணுமாம். கீழ உங்க சைன் இருக்கு."

அடுப்படியிலிருந்து பிலோமி வெளியே வந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வீட்டுக்கு வந்தும் இன்னும் யூனிஃபார்ம் மாற்றவில்லை. "ஏங்க, பிரேக் பிடிச்சும் வண்டி நிக்கலன்னு அன்னிக்கு எங்கிட்ட நீங்கதானே சொன்னீங்க?"

மதலைமுத்து சொல்ல ஆரம்பித்தார். ஏப்ரலிலிருந்து சொன்னார். ரிஜிஸ்டர், டிக், உங்க கைக்குத் தெரியாதுங்களா என்ற பேச்சு, எதையும் மறைக்கவில்லை. பெனிட்டா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிலோமி குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்த பிறகு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிரேக் இல்லன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"முன்னால நடக்கவரு அவருல்லா?"

பிலோமி உள்ளே போய்க் குழம்பை இறக்கி வைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள், யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மதலைமுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று மெட்ரோவில் வரும்போதே வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்திருந்தார். வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்று நோயாளிகள் கிடந்தார்கள். பச்சைமுத்துவின் கால்மாட்டில் அம்சவேணி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள்.

"உக்காருங்கண்ணே. நேத்திலருந்து உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு."

பச்சைமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கை காய்ச்சலில் சுட்டது.

"அண்ணே, நீங்க என்னை மன்னிக்கணும்."

"எதுக்குப் பச்சை?"

"மேனேஜர் சார் வந்து சொன்னாரு. நான் கொடிய லேட்டா தூக்கிட்டேன்னு. படுத்துக்கிட்டு அதையேதான் யோசிக்கிறேன். ரிக்ஷாவ நான் மொதல்லயே பாத்தேண்ணே. அவனே தள்ளிட்டுப் போயிடுவான்னு ஒரு செகண்டு நின்னுட்டேன் போல. அந்த ஒரு செகண்டு. என் கால் போனதுகூட போவட்டும். மூணு உசுரு போயிருந்தா உங்க பேருல்ல கெட்டிருக்கும்? பதினெட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டுனவரு."

அடுக்கி வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட மதலைமுத்துவின் வாய்க்கு வரவில்லை. "நீ லேட்டா காட்டல" என்று மட்டும் சொன்னார். அவர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துப் பச்சைமுத்து சிரித்தார். அதற்கு மேல் உட்கார முடியாமல் மதலைமுத்து எழுந்து வராந்தாக் குழாயில் முகம் கழுவினார். திரும்பி வந்து, வாங்கி வந்திருந்த ஆரஞ்சுப் பழங்களை அம்சவேணியிடம் கொடுத்துவிட்டு, பார்வையாளர் நேரம் முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

புதன்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றியிருந்தார், காலில் கனத்த ஷூ. பின்னால் ஜோதிலிங்கமும், ஆபீஸிலிருந்து இரண்டு பேரும் வந்தார்கள். மதலைமுத்துவின் வாக்குமூலத்தை எடுத்து, இது உங்களுடையதுதானே என்று இந்தியில் கேட்டார்.

"வண்டியை ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா மேடம்?" என்றார் மதலைமுத்து.

அவர் போட்டிருந்த கணக்கு அதுதான். தான் வாய் திறக்க வேண்டாம், முள்ளே சொல்லிவிடும். இன்ஸ்பெக்டர் கேபினுக்குள் ஏறி வந்தார். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. கம்ப்ரஸர் ஓடியது. முள் ஏறியது: நாலு, ஐந்து, ஆறு, ஏழு. ஏழில் நின்றது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஆடாமல் அசையாமல் நின்றது. பிரேக்கைப் பிடித்தார். இரும்பு இரும்பைக் கவ்வும் சத்தம் சுத்தமாகக் கேட்டது.

எட்டு நாளாக அவரை எஞ்சின் பக்கமே விடாததன் காரணம் அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒன்றரை மாதமாக வராத பார்ட்ஸ் வந்துவிட்டிருந்தது.

"பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கீழே ஜோதிலிங்கம் அண்ணாந்து மதலைமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மதலைமுத்து எஞ்சினை அணைத்தார். திடீரென்று வந்த அமைதியில் அவர் குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"இன்னிக்கு நல்லா இருக்கு மேடம். அன்னிக்கு இல்லை. ஏப்ரல்லேர்ந்தே இல்லை. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் தினமும் சரின்னு எழுதினேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். "என்ன சொல்கிறீர்கள் என்று யோசித்துச் சொல்லுங்கள். இது உங்களுக்கு எதிராகவே போகும்."

"தெரியும். கீழ இறங்கி வாங்க, காட்டுதேன்" என்றார். அதுவரை இந்தியில் பேசிவந்தவர், கடைசி வார்த்தை தமிழில் வந்துவிட்டதைக் கவனிக்கவில்லை.

எஞ்சினுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தார். ஐம்பது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் அப்பிக் கிடந்த குழாய்களுக்கு நடுவே ஒரு முழம் நீளத்துக்குப் புதுச் செம்புக் குழாய் பளபளத்தது. இரண்டு முனையிலும் புது நட்டு. "இது எந்தத் தேதியில் ஸ்டோரிலிருந்து வந்தது என்று கேளுங்கள். ரிஜிஸ்டரில் ஏப்ரல் மாதம் இரண்டு நாள் நான் எழுதியதும் இருக்கும். அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல் இருந்தால்" என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார்.

கிழிக்கவில்லை. கிழித்தால் பக்க எண் காட்டிக் கொடுத்துவிடும் என்று விட்டிருந்தார்கள். அவர் எழுதிய இரண்டு வரிகளும் அப்படியே இருந்தன. பின்னாலேயே நாற்பது நாள் டிக்கும் இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு எஞ்சினின் கதவில் அரக்கு முத்திரை வைத்தார்கள். மதலைமுத்துவுக்கு மறுநாள் சஸ்பென்ஷன் கடிதம் வந்தது. இரண்டு வாரம் கழித்துப் போலீஸ் வழக்கும் வந்தது. அதில் கம்பெனி, ஜோதிலிங்கம், மதலைமுத்து மூன்று பேரும் இருந்தார்கள். பச்சைமுத்துவின் மேல் சுமத்திய கவனக்குறைவுக் குற்றச்சாட்டு நீங்கிப் போயிற்று. அவருக்குச் சேர வேண்டியதைக் கம்பெனி கொடுத்தே தீர வேண்டும் என்று ஆனது. ஜோதிலிங்கம் ஒருமுறை போன் செய்தார். "உங்க மேல கோவமில்லீங்க மதலை. என் பையன் பன்னெண்டாவது படிக்கறான், அவங்கிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியலை" என்றார்.

பச்சைமுத்து வீடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டு, ஜூலையில் ஒரு மத்தியானம் மதலைமுத்து பஸ்திக்குப் போனார். மழை பெய்து கால்வாய் நாறிக்கொண்டிருந்தது. அம்சவேணி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை எழுந்திருக்கவில்லை. உள்ளே கையைக் காட்டினாள்.

பச்சைமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல்.

"கோர்ட்டு ஆளுங்க வந்து படிச்சுக் காட்டுனாங்க" என்றார். "நாப்பது நாளு தெரியுமாமே உனக்கு."

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருமையில் பேசினார். மதலைமுத்து நின்றுகொண்டே இருந்தார்.

"தெரியும்."

"தெனம் காலைல அந்த வண்டி முன்னாடி என்னை நடக்க வுட்டியே. ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் சூதானமா இருந்திருப்பேன். வேணாம்னு சொல்லிருப்பேன், இல்ல வாரதுன்னாலும் தெரிஞ்சு வந்திருப்பேன்."

"தப்புதான் பச்சை."

"அத வுடு. ஆஸ்பத்திரில வந்து பக்கத்துல உக்காந்தியே, அப்பவாச்சும் சொன்னியா? உங்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன். கையப் புடிச்சுக் கேட்டேன். வாங்கிக்கிட்டுப் போன." பச்சைமுத்துவின் குரல் உடைந்தது. "காலு போனது வலிக்குது. இதுதான் அதவிட ரொம்ப வலிக்குது."

மதலைமுத்து பேச வாயெடுத்தார். அன்று ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவரிடம் காரணங்கள் இருந்தன. பச்சைமுத்துவின் காய்ச்சல், பக்கத்தில் அம்சவேணி. ஒன்றும் சொல்லும்படியாக இல்லை. வெளியே துலக்கும் சத்தம் நின்றிருந்தது.

"கேசு எப்ப?" என்று பச்சைமுத்து கேட்டார்.

"அடுத்த மாசம் பதினாலு."

"இன்ஸ்பெக்டரம்மாகிட்ட சொன்னத ஜட்ஜுகிட்டயும் சொல்லுவியா? வக்கீலு பயமுறுத்துனா மாத்திற மாட்டியே?"

"மாத்த மாட்டேன்."

"அப்ப அங்க வா. நானும் வருவேன்." பச்சைமுத்து முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். "வீட்டுக்கு வராத."

மதலைமுத்து வெளியே வந்தார். அம்சவேணி பாத்திரங்களை ஒதுக்கி அவர் போக வழிவிட்டாள். சந்து முனையில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நிற்க இடம் இருந்தும் அவர் நிற்கவில்லை. மெட்ரோ வரைக்கும் நடந்தே போனார்.